ஒரு கில்டர் கட்டணம் கட்டி எழுதிக்கொடுத்த பெயர்கள்: நெதர்லாந்து யூதர்களில் நான்கில் மூன்று பேர் எப்படிக் கொல்லப்பட்டார்கள்?

#1 | கடற்காகம்

வேலை நிமித்தமாக ஆம்ஸ்டர்டாம் வந்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் சைக்கிளில் போகிற வழியில், வேஸ்பர்ஸ்ட்ராட் சாலையோரம், ஒரு செங்கல் சுவர் நிற்கிறது. 2021 செப்டம்பரில் திறந்தார்கள். இத்தனை நாளும் கடந்து போய்க்கொண்டே இருந்தவன், போன வாரம்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தேன்.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர், பிறந்த தேதி, சாகும்போது இருந்த வயது. மொத்தம் 1,02,163 பெயர்கள். பெரும்பாலும் யூதர்கள், கூடவே ஐரோப்பிய நாடோடி இனங்களான சிந்தி, ரோமா மக்கள் சிலரும். அகரவரிசையில் அடுக்கியிருப்பதால் ஒரே குடும்பப்பெயர் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே சுவர் நெடுக ஓடுகிறது. தாத்தா, பேரன், அத்தை எல்லோரும் அடுத்தடுத்த கல்லில். கால்மணி நேரத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீடு நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு வீட்டுக்கு வெளியே நடந்தது எனக்குத் தெரியாது. போருக்கு முன் இங்கே ஏறக்குறைய 1,40,000 யூதர்கள். 1,07,000 பேர் நாஜி முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள், திரும்பியவர்கள் சுமார் 5,000. அதாவது நான்கில் மூன்று பேர் போய்விட்டார்கள். பக்கத்து பெல்ஜியத்தில் இது 40 சதவீதம், பிரான்ஸில் 25. அந்த நாடுகளிலும் ஆண்டது அதே நாஜிகள்தான். யூத வெறுப்பு நெதர்லாந்தைவிட பிரான்ஸில்தான் அதிகம் இருந்தது என்கிறார்கள். பிறகு எப்படி இங்கே இவ்வளவு?

#2 | மேற்குமலை

பெரும் பகுதி பூகோளம், நண்பரே. நெதர்லாந்து தட்டை நிலம். ஒளிய மலையும் இல்லை, பெருங்காடும் இல்லை. ஒரு பக்கம் ஜெர்மனி, தெற்கே பிடிபட்ட பெல்ஜியம், மற்ற பக்கம் ராணுவம் காவல் காத்த கடல். டென்மார்க் யூதர்கள் 1943 அக்டோபரில் மீன்பிடிப் படகில் ஏறிச் சில மணி நேரத்தில் சுவீடன் போய்விட்டார்கள், 7,000 பேருக்கு மேல். இங்கே எந்தக் கரைக்குப் போவது?

ஆட்சி முறையும் வேறு. பெல்ஜியத்தை ஆண்டது ஜெர்மன் ராணுவம். நெதர்லாந்துக்கு ஹிட்லர் நேரடியாக சைஸ்-இன்குவார்ட் என்ற ஆஸ்திரிய நாஜியை ஆணையராகப் போட்டார், நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்.எஸ்-இன் கை ஓங்கியிருந்தது. ராணி வில்ஹெல்மினா 1940 மே மாதமே லண்டன் போய்விட்டார். எதிர்க்க ஆள் இல்லை.

#3 | பழைய பதிவேடு

தம்பி கடற்காகம், நான் 31 வருடம் வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கிராமத்துச் சிட்டாவும் அடங்கலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் முடிந்தால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும் எனக்கு. அதனாலேயே நெதர்லாந்தில் நடந்தது என்னை விடுவதில்லை. பத்து வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பூகோளம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பெல்ஜியத்துக்குள்ளேயே பாருங்கள். ஆன்ட்வெர்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூதர்கள் போனார்கள், பிரசெல்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இரண்டும் அதே தட்டை நிலம், நடுவில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. ஆன்ட்வெர்ப் போலீஸ் ஆள்பிடிக்கத் தெருவில் இறங்கியது. பிரசெல்ஸ் மேயர்கள், யூதர்கள் உடையில் அணிந்தே தீர வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தை விநியோகிக்கவே மாட்டோம் என்றார்கள். நகராட்சி கட்டிடத்துக்குள் உட்கார்ந்திருந்தவர் என்ன செய்தார் என்பது மலையையும் கடலையும்போலவே உயிர்களைத் தீர்மானித்திருக்கிறது.

நெதர்லாந்தில் அந்தக் கட்டிடத்துக்குள் உலகத்தின் மிக நேர்த்தியான பதிவேடு ஒன்று இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பிறந்தது, மணம் முடித்தது, வீடு மாறியது எல்லாம் அதில் ஏறும். ஊர் மாறினால் அட்டையும் கூடவே அடுத்த ஊருக்குப் போகும். அதில் மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. தேவாலயக் கணக்குக்காகவும் புள்ளிவிவரத்துக்காகவும் நல்லெண்ணத்தோடு வைத்த கட்டம்.

1940 அக்டோபரில் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது, நீ யூதனா இல்லையா என்று. கிட்டத்தட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி லோடவைக் விசர் ஒரு யூதர். அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது அவரோடு ஒரே மேடையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் தங்கள் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வழக்கைப் பார்த்தார்கள். லெய்டன் பல்கலைக்கழகத்தில் கிளெவெரிங்கா என்ற சட்டப் பேராசிரியர் நவம்பர் 26 அன்று, நீக்கப்பட்ட தன் ஆசிரியர் மெய்யர்ஸின் வகுப்பு நேரத்தில் மேடையேறி அதைக் கண்டித்துப் பேசினார். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், பல்கலைக்கழகத்தை மூடினார்கள், அவரைச் சிறையில் போட்டார்கள்.

அடுத்தது 1941 ஜனவரி 10. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதர் என்றாலும் நகராட்சிக்கு வந்து படிவம் கொடுக்க வேண்டும். கட்டணம் ஒரு கில்டர், அன்றைய டச்சு நாணயம்.

#4 | அக்னிக்குஞ்சு

கேட்கவே கூசுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1941-க்குள் ஜெர்மனியில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமே? அங்கிருந்து அகதிகளாக வந்தவர்களே ஆயிரக்கணக்கில் அவர்கள் மத்தியில் இருந்தார்களே? பிறகு ஏன் அவர்களே காசு கட்டிப் போய் எழுதிக் கொடுத்தார்கள்?

#5 | வடலி

தம்பி அக்னிக்குஞ்சு, இதுக்கு நான் பதில் சொல்லுறன். நான் 80களில அகதியா ஒல்லாந்துக்கு வந்தனான். வந்து கொஞ்ச நாளிலயே நகரசபைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதிஞ்சவை. அந்தப் பதிவில என்ர பெயர் ஏறின அண்டைக்குத்தான் இரவு ஒழுங்கா நித்திரை கொண்டனான். பதிவு இருந்தால் நான் ஆள், என்னை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேலாது. அந்த நினைப்பு.

நானே அப்பிடி நினைச்சன் எண்டால், அந்தச் சனம் 300 வருசமா இஞ்ச இருந்தது. போர்த்துக்கலில, ஸ்பெயினில மதத்துக்காக எரிச்ச காலத்தில தப்பி வந்தவையின்ர பிள்ளையளும் அவையில இருந்தவை. 1675 இல கட்டின பெரிய தொழுகைக்கூடம் இண்டைக்கும் ஆம்ஸ்டர்டாமில நிக்குது. 1796 இலயே சம உரிமை கிடைச்சுது. வைரம் பட்டை தீட்டினது, பழவண்டில் தள்ளினது, வக்கீலாப் போனது எல்லாம் இந்த அரசை நம்பித்தான். அந்த அரசின்ர முத்திரையோட கடுதாசி வந்தால் போகாமல் விடுவினமோ? போகாட்டில் அஞ்சு வருசம் வரைக்கும் மறியல், அதாவது சிறை, சொத்தும் பறிபோகும் எண்டு போட்டிருந்தது. மதம் ஏற்கெனவே அட்டையில கிடக்கேக்க ஒளிச்சு என்ன பிரயோசனம் எண்டும் நினைச்சிருப்பினம்.

எங்கட ஊரில பதிவெண்டால் பயந்த ஆக்கள் நாங்கள். அவைக்கு அந்தப் பயம் பழக்கமில்லை. கேள்வி கேக்கிற முறை அவையை நோக்கி இருக்கக் கூடாது.

#6 | பழைய பதிவேடு

வடலி ஐயா சொன்னதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணிக்கைக்கு வருகிறேன். படிவங்கள் சுமார் 1,60,000 சேர்ந்தன. கலப்புக் குடும்பத்தவரும் சேர்த்து. 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் பக்கத்தில் வான்சே ஏரிக்கரை மாளிகையில் 15 அதிகாரிகள் கூடி ஐரோப்பிய யூதர்களை ஒழிப்பதற்கு வேலையைப் பிரித்துக்கொண்டார்களே, அதன் குறிப்பேடு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் ஒரு பக்கம் முழுக்க நாடுகளின் பட்டியல், எதிரே யூதர் எண்ணிக்கை. பிரான்ஸின் தெற்குப் பாதிக்கு 7 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள், நிஜத்தில் அதில் பாதிகூடக் கிடையாது. நெதர்லாந்துக்கு நேரே 1,60,800. படிவத்தில் வந்த கணக்கு அப்படியே. அந்தப் பக்கத்தின் நகலை நான் முதலில் பார்த்தபோது, ஓர் எழுத்தராக, அது எந்த மேசையிலிருந்து கிளம்பி எந்த மேசை வழியாக அங்கே போயிருக்கும் என்றுதான் மனம் ஓடியது. கூட்டிப் போட்டவர், சரிபார்த்தவர், சுருக்கொப்பம் இட்டவர். அவர்கள் யாரும் துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பதிவேடுகளுக்குத் தலைமை ஆய்வாளர் யாகோப் லென்ட்ஸ். நாஜிக் கட்சிக்காரர் இல்லை. போலி செய்ய முடியாத அடையாள அட்டை ஒன்றை வடிவமைப்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. 1940 மார்ச்சில் டச்சு அரசே அந்த யோசனையை வேண்டாம் என்று தள்ளியிருந்தது, குடிமகனைக் குற்றவாளிபோல நடத்துவது நம் வழக்கமில்லை என்று. இரண்டு மாதத்தில் ஜெர்மானியர் வந்தார்கள், அவருக்கு அனுமதி கிடைத்தது. விசேஷ மை, ஒட்டினால் பிரிக்க முடியாத புகைப்படம், கைரேகை. யூதர் அட்டையில் 'ஜே' என்ற எழுத்து. ஐரோப்பாவிலேயே போலி செய்யக் கடினமான அட்டை அது. ஒளிந்து பிழைக்க நினைத்த ஒவ்வொருவரும் முட்டி மோதியது அந்த அட்டையில்தான். போருக்குப் பிறகு லென்ட்ஸுக்கு மூன்று வருடச் சிறை.

இன்னொன்று. 1941 மே மாதம் ஆம்ஸ்டர்டாம் நகராட்சிப் புள்ளியியல் அலுவலகம் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தது. தெருத்தெருவாகக் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். கிழக்குப் பகுதித் தெருக்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மை சிந்தியதுபோல இருக்கும். பத்துப் பேர் என்றால் இரண்டு குடும்பம்.

1942 மே முதல் மஞ்சள் நட்சத்திரம். அதற்கும் காசு. ஆளுக்கு நான்கு, ஒன்று நான்கு சென்ட், துணிப் பங்கீட்டுக் கூப்பனிலும் ஒரு புள்ளி கழித்துக்கொண்டார்கள்.

#7 | மேற்குமலை

பெல்ஜிய உதாரணத்தை ஏற்கிறேன் ஐயா. நான் அதை யோசிக்கவில்லை.

ஆனால் ஜெர்மானியர் ஆணைப்படி அமைந்த யூத மன்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? வைர வியாபாரி ஆஷரும் பேராசிரியர் டாவிட் கோஹெனும் தலைமை. ஜெர்மானியர் ஆணைகளைத் தங்கள் வாரப் பத்திரிகையில் அச்சிட்டு மக்களிடம் சேர்த்தது அந்த மன்றம். ரயிலேற்றத்திலிருந்து விலக்கு முத்திரை யாருக்கு, யாருக்கு இல்லை என்று பார்த்ததும் அவர்கள்தான். 1943 மே மாதம் உங்கள் ஆட்களிலேயே 7,000 பேரைப் பொறுக்கிக் கொடுங்கள் என்றபோது ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து கார்டுகளைப் பிரித்தார்கள். ஏழைகள் முதலில் போனார்கள், மன்றத்துக்கு வேண்டியவர்கள் கடைசியில் போனார்கள். இதைச் சொல்லாமல் எப்படி?

#8 | நிலாமுற்றம்

சொல்லலாம். ஆனால் கழுத்தில் கத்தி வைக்கப்பட்டவர் எடுத்த முடிவையும், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிய அதிகாரி எடுத்த முடிவையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மன்றத்தின் மேல் மிகக் கோபமாக இருந்தவர்கள் பிழைத்து வந்த யூதர்களே, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. விசர் மன்றத்தோடு சண்டையே போட்டார், நாம் டச்சு அரசிடம்தான் பேச வேண்டும் ஜெர்மானியரிடம் இல்லை என்று. டச்சு அரசு அதிகாரிகள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. 1942 பிப்ரவரியில் இறந்துபோனார்.

வேறொன்று மறந்துவிடக் கூடாது. 1941 பிப்ரவரியில் யூதக் குடியிருப்பில் 400-க்கு மேற்பட்ட இளைஞர்களை அடித்து இழுத்துப் போனபோது ஆம்ஸ்டர்டாம் நகரமே வேலைநிறுத்தம் செய்தது. பிப்ரவரி 25 காலை டிராம்கள் பணிமனையை விட்டு வெளியே வரவில்லை. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி பீட் நாக்கும் தோழர்களும் முந்தின மாலை திறந்த வெளியில் கூட்டம் போட்டு அழைத்தார்கள். கப்பல் கட்டும் தொழிலாளிகள், கடைப் பெண்கள், எல்லோரும் தெருவில். இரண்டாம் நாள் சுட்டு அடக்கினார்கள், 9 பேர் செத்தார்கள். யூதர்களுக்காக யூதரல்லாத ஒரு நகரம் இப்படி நின்றது பிடிபட்ட ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லை. இழுத்துப் போன அந்த இளைஞர்களில் ஏறக்குறைய எல்லோரும் மவுட்ஹவுசன் போன்ற நாஜி முகாம்களில் செத்தார்கள். அதன் பிறகு அப்படி ஒரு வேலைநிறுத்தம் நடக்கவில்லை.

#9 | மல்லிகைப்பந்தல்

நான் அங்கன்வாடியில் 19 வருடமாக இருக்கிறேன். இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் பிடித்த யூதர்களை ரயிலேற்றும்வரை ஒரு பழைய நாடக அரங்கில் அடைத்து வைத்தார்கள். குழந்தைகள் அழுது சத்தம் போடுகிறார்கள் என்று அவர்களை மட்டும் எதிர்ச்சாரியில் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு மாற்றினார்கள். காப்பகத் தலைவி ஹென்றியெட்டா பிமெண்டல், அறுபதைத் தாண்டியவர். அரங்கில் பதிவு பார்த்தவர் வால்டர் சூஸ்கிண்ட், அவரும் யூதர். பெற்றோர் சம்மதித்தால் குழந்தையின் அட்டையை அவர் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார். பழைய பதிவேடு ஐயா கவனியுங்கள், பட்டியலில் பெயர் போனால்தான் குழந்தையை எடுக்க முடியும், இல்லையென்றால் எண்ணும்போது குறையும்.

வாசலில் காவலுக்கு ஜெர்மானியர். நடுவில் டிராம் பாதை. டிராம் வந்து வாசலை மறைக்கிற அந்தச் சில விநாடியில் ஒரு பணிப்பெண் குழந்தையோடு வெளியே வந்து டிராமின் மறைவிலேயே கூட நடந்து போய்விடுவாள். கைக்குழந்தைகளைப் பையிலும் கூடையிலும் வைத்து. பக்கத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைவர் வான் ஹுல்ஸ்ட் வேலிக்கு அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டார். சுமார் 600 குழந்தைகள் இப்படிப் பிழைத்தார்கள்.

ஒரு கைக்குழந்தையை அழாமல் ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பசி வேளையாக இருந்தால் முடியவே முடியாது. எப்போது பால் கொடுத்து, எப்போது தூங்கவைத்து, எந்த டிராமுக்குக் கிளம்புவது என்று அந்தப் பெண்கள் தினமும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

1943 செப்டம்பரில் காப்பகத்தைக் காலிசெய்த நாளில் வான் ஹுல்ஸ்ட் 12 குழந்தைகளைத் தன்னோடு அழைத்துப் போனார். 107 வயதுவரை இருந்தார். ஏன் 13 இல்லை என்று வாழ்நாள் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். பிமெண்டல் அம்மாவை ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொன்றுவிட்டார்கள்.

#10 | கடற்காகம்

மல்லிகைப்பந்தல் அக்கா, நன்றி. அந்த டிராம் பாதை இன்றும் இருக்கிறது. 14-ஆம் எண் வண்டி அதில்தான் போகிறது.

அதே வட்டாரத்தில், உயிரியல் பூங்காவுக்குப் பக்கத்தில்தான் நகர மக்கள் பதிவேட்டு அலுவலகமும் இருந்தது. 1943 மார்ச் 27 இரவு போலீஸ் உடையில் ஒரு கூட்டம் உள்ளே போனது. வில்லெம் அரொண்டியுஸ் என்ற ஓவியர், கெரிட் வான் டெர் வேன் என்ற சிற்பி, ஒரு தையல்காரர், மருத்துவ மாணவர்கள். காவலாளிகளுக்கு மயக்க ஊசி போட்டுப் பூங்காவுக்குள் கிடத்தினார்கள். அட்டைப் பெட்டிகளை இழுத்துக் கொட்டிக் குண்டு வைத்தார்கள். தீயணைப்புப் படைக்குத் தகவல் முன்பே போயிருந்தது. அவர்கள் மெதுவாக வந்து, அணைந்த பிறகும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், எரியாத அட்டைகள் ஊறிக் கூழாகட்டும் என்று. அப்படியும் அழிந்தது சுமார் 15 சதவீதம். ஜூலை 1 அன்று 12 பேரைக் கடற்கரை மணல்மேட்டில் சுட்டுக் கொன்றார்கள். அரொண்டியுஸ் ஒருபால் விருப்பம் கொண்டவர். எங்களைப் போன்றவர்கள் கோழைகள் இல்லை என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்று கடைசியாகச் சொல்லியனுப்பினார்.

அடையாள அட்டைகளின் மறுபிரதிகள் ஹேக் நகரில் கிளைகாம்ப் என்ற மாளிகையில் இருந்தன. 1944 ஏப்ரல் 11, எதிர்ப்பு இயக்கத்தவர் கேட்டுக்கொண்டபடி பிரிட்டிஷ் விமானங்கள் ஆறு தாழப் பறந்து வந்து அதன்மேல் குண்டு போட்டன. உள்ளே வேலையில் இருந்த 60 பேர் அளவில் இறந்தார்கள்.

#11 | பழைய பதிவேடு

அந்த 60 பேர் எழுத்தர்கள், தம்பி. பட்டப்பகல், அலுவலக நேரம். அவர்களில் ரகசியமாக உதவியவர்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் குண்டு சரி என்றுதான் சொல்வேன். தாமதம் என்பதே என் வருத்தம். 1944 ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா ரயிலும் போய்விட்டிருந்தது.

#12 | வடலி

ரயிலைப் பற்றியும் கதைக்க வேணும்.

வெஸ்டர்போர்க் முகாம் ஜெர்மானியர் கட்டினதில்லை. ஜெர்மனியில இருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்கெண்டு 1939 இல டச்சு அரசே கட்டினது, செலவை யூத அமைப்புகளின்ர தலையில போட்டு. 1942 இல அதுவே ரயிலேத்திற இடமாப் போச்சு. முதல் ரயில் 1942 ஜூலை 15. பிறகு பெரும்பாலும் ஒவ்வொரு செவ்வாயும். திங்கள் இரவு குடிசைக்குள்ள பெயர் வாசிப்பினம்.

1943 மார்ச்சில இருந்து ஜூலை வரைக்கும் 19 ரயில் நேரே போலந்தில இருந்த சோபிபோர் கொலை முகாமுக்குப் போனது. 34,313 பேர். மிஞ்சினது 18 பேர். அதில ஒராள் யூல்ஸ் ஸ்கெல்விஸ், அச்சுத் தொழிலாளி. வேலை முகாமுக்குத்தான் போறம் எண்டு நினைச்சு, பின்னேரங்களில வாசிக்கலாமெண்டு கிற்றாரையும் கொண்டுபோனவர். ரயிலில 3,000 பேருக்கு மேல. இறங்கின இடத்தில 81 ஆம்பிளையளை மட்டும் வேற வேலைக்குப் பிரிச்சவை, அவர் அதுக்குள்ள போனார். மற்றவை எல்லாரும், அவற்ற மனிசி ராகெல் உட்பட, அண்டைக்கே முடிஞ்சுது.

அந்த ரயில்களை எல்லைவரைக்கும் ஓட்டினது டச்சு ரயில்வே. பில் அனுப்பிக் காசும் வாங்கினது. 1944 செப்டம்பர் 17, லண்டனில இருந்த டச்சு அரசு ரேடியோவில கேட்டவுடன 30,000 ரயில் தொழிலாளியள் வேலையை விட்டிட்டுப் போட்டினம், போர் முடியுமட்டும் திரும்பேல்ல. வெஸ்டர்போர்க்கில இருந்து கடைசி ரயில் போனது செப்டம்பர் 13. நாலு நாள். லண்டனில இருந்து அதுக்கு முதல் ஒருக்காலும் அந்தச் செவ்வாய்க்கிழமை ரயிலுகளுக்காக வேலைநிறுத்தம் செய்யுங்கோ எண்டு கேக்கேல்ல.

2019 இலதான் ரயில்வே ஒவ்வொருத்தருக்கும் இழப்பீடு குடுத்தது, உயிரோட இருந்தவைக்கு 15,000 யூரோ. அதுக்கு விடாமல் போராடினது சாலோ முல்லர், அயாக்ஸ் கால்பந்து அணியின்ர பழைய உடற்பயிற்சி வைத்தியர். அஞ்சு வயசில ஒளிஞ்சு பிழைச்ச பிள்ளை, தாய் தேப்பன் ஆஷ்விட்ஸில.

#13 | அக்னிக்குஞ்சு

நான் கேட்ட கேள்விக்கு வெட்கப்படுகிறேன். வடலி ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி.

திரும்பி வந்த 5,000 பேருக்கு என்ன ஆயிற்று?

#14 | பழைய பதிவேடு

வெட்கம் எதற்கு, கேட்டதால்தானே பேசினோம்.

வந்தவர்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பணமும் காப்பீடும் லிப்மன் ரோசென்டால் என்ற பெயரில் நாஜிகள் நடத்திய வங்கிக்குள் போயிருந்தன, மீட்கப் பல வருடம் அலைந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, வீட்டுமனைக் குத்தகை பாக்கி என்று முகாமில் இருந்த வருடங்களுக்கும் சேர்த்து வசூலித்தது, தாமதத்துக்கு அபராதத்தோடு. அந்தக் காலத்தில் அந்த வீட்டில் நாஜி ஆதரவாளர் குடியிருந்திருந்தாலும் சரி. நகராட்சி ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வந்த ஒரு மாணவி இந்தக் கடிதங்களைப் பார்த்துப் பதறி விடாமல் கேட்டதால்தான் எழுபது வருடம் கழித்து வெளியே வந்தது. ஆஷ்விட்ஸிலிருந்து வந்தவருக்கு அபராதக் கடிதம். அதையும் ஒருவர் தட்டச்சு செய்திருக்கிறார், வரிசை எண் போட்டிருக்கிறார், கோப்பில் சேர்த்திருக்கிறார். கோப்பு பத்திரமாக இருந்தது.

அரசின் சார்பில் பிரதமர் ருட்டே மன்னிப்புக் கேட்டது 2020 ஜனவரியில்.

#15 | மல்லிகைப்பந்தல்

கடற்காகம் தம்பி, ஓர் உதவி. அடுத்த முறை அந்தச் சுவர்ப் பக்கம் போனால் பிமெண்டல் அம்மாவின் கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? எங்கள் அங்கன்வாடிப் பெண்களிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். அவர் வயது என்ன என்று கேட்டார்கள்.

#16 | கடற்காகம்

அக்கா, இன்று மாலை வேலை முடிந்து போனேன். அகரவரிசை என்பதால் தேடுவது கஷ்டமாக இல்லை. பிமெண்டல் என்ற பெயரில் ஒரு கல் மட்டும் இல்லை, வரிசையாக இருக்கிறது, அதில் முதல் பெயரைப் பார்த்துப் பார்த்து வர வேண்டியிருந்தது. அவர் பிறந்தது 1876 ஏப்ரல் 17. வயது 67.

யாரோ ஒரு சின்னக் கூழாங்கல்லைச் சுவரடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யூதர்கள் கல்லறைக்குப் போனால் பூவுக்குப் பதில் கல் வைப்பார்கள். நானும் கால்வாய் ஓரத்திலிருந்து ஒன்று எடுத்து வைத்தேன், உங்கள் அங்கன்வாடி சார்பில் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு. பிறகு காப்பகம் இருந்த தெருவுக்கு நடந்து போனேன். அரங்கின் முகப்பு அப்படியே இருக்கிறது. எதிரே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் கட்டிடத்தில் 2024-இல் திறந்த அருங்காட்சியகம். நடுவில் நின்றேன். 14 வந்தது. அது நின்று ஆட்களை இறக்கி நகர்கிறவரைக்கும் எதிர்ச்சாரி வாசல் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், அரை நிமிடம்கூட இல்லை.